யானைப் பசியும் மூஞ்சூற்றுப் பசியும்

யானையின் பெருமையைப் பேசுவதற்கு நம் நாட்டில் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. அதன் நடைக்கு ஒரு புகழ், கம்பீரத்துக்கு ஒரு புகழ்; போதாதற்குப் பசிக்கும் ஒரு புகழ். "யானைப் பசிக்குச் சோளப் பொரி" என்று பழமொழி கட்டி, பசி என்று ஒன்று உண்டானால் அது யானையின் பசிதான் என்று தீர்ப்பு எழுதி வைத்துவிட்டோம். மூஞ்சூற்றின் பசியைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் சொற்பம். நாமும் சென்ற ஐப்பசி மாதம் வரையில் அந்தக் கவலை இல்லாமல் சௌக்கியமாகத்தான் இருந்தோம்.

அந்த மாதம் அடைமழை. காவேரிக் கரையில் உள்ள நம் ஊரில் நாலு நாளாகச் சூரியனைக் காணவில்லை. எலிகள் எல்லாம் வயலை விட்டு வீட்டுக்குள் குடியேறிவிட்டன. அரிசி மூட்டையில் ஓட்டை, சமையலறையில் ஓட்டை, கடைசியாக நமது புதிய வேஷ்டியிலும் ஓட்டை விழுந்தபோது நமது அகிம்சை முடிவடைந்தது. பரணிலிருந்த கூண்டுப் பொறியை இறக்கி, ஒரு மசால் வடையை உள்ளே மாட்டி, பின்கட்டுத் தாழ்வாரத்தில் வைத்தோம்.

வைத்து மூன்று மணி நேரம் ஆகியிருக்காது. பிரசவத்துக்கு வந்திருந்த நம் மகளுக்கு வலி கண்டுவிட்டது. டாக்டர் அம்மாள் குறித்துக் கொடுத்த தேதிக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. கொட்டுகிற மழையில் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வடையையும் பொறியையும் யார் நினைத்தார்கள்?

விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. எடை 1 கிலோ 600 கிராம். ஒரு துவரம்பருப்புப் பொட்டலத்தைக் கையில் வாங்குவதற்கும் அந்தக் குழந்தையை வாங்குவதற்கும் கனத்தில் பெரிய வித்தியாசமில்லை என்று சொன்னால் வாசகர்கள் நம்மைக் கல்நெஞ்சன் என்று நினைக்கக் கூடாது. அந்த நிமிஷத்தில் நமக்குத் தோன்றியதை அப்படியே எழுதுகிறோம். கையில் வாங்கியதுகூட இல்லை. கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்த்ததுதான். சூடு வரும் விளக்கின் கீழே அதைப் படுக்க வைத்திருந்தார்கள்.

மத்தியானம் மாற்றுத் துணி எடுத்துப் போக வீட்டுக்கு வந்தோம். பின்கட்டில் பொறி மூடியிருந்தது. உள்ளே எலி இல்லை, ஒரு மூஞ்சூறு. செத்துக் கிடந்தது.

காயம் ஒன்றும் கிடையாது. வடையின் ஓரத்தில் மாத்திரம் சிறிது கொறித்த அடையாளம். கூரான மூக்கைக் கம்பிகளுக்கு இடையில் நீட்டியபடியே விறைத்திருந்தது. நம் வீட்டு எஜமானி அம்மாள் பார்த்ததும் பார்க்காததுமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பிள்ளையார் வாகனமாயிற்றே! இன்றைக்கா இப்படி நடக்க வேண்டும்?"

நமக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. மற்ற நாளாக இருந்தால் அதைப் பற்றி ஒரு சிறு பிரசங்கமே செய்திருப்போம். அன்று வாய் வரவில்லை. நந்தியாவட்டைச் செடியின் கீழ் பள்ளம் தோண்டி அதைப் புதைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. அடி படவில்லை, விஷம் தின்னவில்லை. ஏறக்குறைய பதினாறு மணி நேரம் ஒரு கூண்டில் இருந்தது. அவ்வளவுதானே? பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்தால் உயிர் போகுமா? நம் வீட்டில் ஏகாதசிக்கு ஏகாதசி அதைவிட அதிக நேரம் பட்டினி இருப்பவர்கள் மறுநாள் காலையில் எழுந்து கோலம் போடுகிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவனுக்குப் பொழுதும் போவதில்லை, தூக்கமும் வருவதில்லை. ஆகவே இந்த விஷயமாகக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தோம். படித்த பிறகு, மூஞ்சூற்றின் சாவும் கண்ணாடிக்கு அப்பாலிருந்த நம் பேத்தியின் பிழைப்பும் ஒரே கணக்கைச் சேர்ந்தவை என்று தெரிந்தது.

கணக்கு இதுதான். பாலூட்டிப் பிராணிகள் எல்லாம் சரீரத்தில் ஒரே மாதிரியான சூட்டை வைத்துக்கொண்டு வாழ்கின்றன; சுமார் 36 டிகிரியிலிருந்து 39 டிகிரிக்குள் பெரும்பாலான பிராணிகள் அடங்கிவிடும். அந்தச் சூட்டைக் காப்பாற்ற ஓயாமல் உள்ளே ஓர் அடுப்பு எரிகிறது. அடுப்பு என்பது வெறும் உபமானம் அல்ல. பிரான்ஸ் தேசத்து லவாஸியே என்ற மேதையும் லாப்லாஸ் என்ற கணித சாஸ்திரியும் 1782-83 குளிர்காலத்தில் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, அதன் உடம்புச் சூட்டினால் எவ்வளவு பனிக்கட்டி உருகிற்று என்று நிறுத்துப் பார்த்தார்கள். அது விட்ட மூச்சையும் அளந்து, கரி எரிவதோடு ஒப்பிட்டார்கள். சுவாசம் என்பது மெதுவாக எரியும் நெருப்பு என்ற முடிவுக்கு வந்தார்கள். இவ்வளவு பெரிய உண்மையைக் கண்ட லவாஸியேயின் தலையை 1794-ல் அந்தத் தேசத்தாரே வெட்டிவிட்டார்கள் என்பது வேறு கதை.

உள்ளே எரிகிற சூடு தோல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். இங்கேதான் சின்ன உடம்புக்கும் பெரிய உடம்புக்கும் வித்தியாசம் வருகிறது. கல்யாண வீட்டில் அண்டா நிறையப் போட்ட வெந்நீர் விடிகிற வரையில் சுடுகிறது. அதே தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து வைத்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறிவிடுகிறது. ஒரு சதுர வெல்லக்கட்டியை எல்லாப் பக்கமும் பாதிப் பாதியாக வெட்டி எட்டுத் துண்டு ஆக்கிப் பாருங்கள். வெல்லம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் எறும்பு மொய்ப்பதற்கு உள்ள இடம் சரியாக இரட்டிப்பு ஆகிவிடும். சிறிய பிராணி என்பது இப்படி வெட்டிய வெல்லத் துண்டு. உள்ளே சரக்கு கொஞ்சம். சூடு ஓடிப்போகிற வாசலோ அதிகம்.

1883-ல் ஜெர்மனியில் ரூப்னர் என்பவர் பல அளவுள்ள நாய்களை வைத்து இதைச் சோதித்தார். சின்ன நாய் தன் எடைக்கு அதிகமாகவே எரித்தது. ஆனால் தோலின் பரப்புக்குக் கணக்குப் போட்டால் எல்லா நாயும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு 1932-ல், ஸ்விட்ஜர்லாந்திலிருந்து காலிபோர்னியாவுக்குப் போன மாக்ஸ் கிளைபர் என்பவர் பல பிராணிகளின் அளவுகளையும் ஒன்று சேர்த்துப் பார்த்து, தோல் கணக்கு மட்டும் போதாது என்று திருத்தினார். அவர் கண்ட விதியின்படி எடை பதினாறு மடங்கு ஆனால் செலவு பதினாறு மடங்கு ஆகாது. எட்டு மடங்குதான் ஆகும். ஏன் அப்படி என்பதற்கு இன்னும் சண்டை நடக்கிறது. இரத்தக் குழாய்கள் கிளைவிட்டுப் பிரிகிற விதத்தில்தான் இரகசியம் இருக்கிறதென்று 1997-ல் மூன்று பேர் சொன்னார்கள். அதை ஒப்புக்கொண்டவர்களும் உண்டு, ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு.

காரணம் கிடக்கட்டும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 4,000 கிலோ எடையுள்ள யானை சும்மா நிற்பதற்கே நாள் ஒன்றுக்குச் சுமார் 35,000 கலோரி வேண்டும். 60 கிலோ மனிதனுக்குச் சுமார் 1,500. 20 கிராம் சுண்டெலிக்கு நாலு கலோரிகூட வேண்டாம். இது வரையில் பழமொழி ஜெயித்துவிட்டது. ஆனால் கிலோவுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். யானைக்கு 9, மனிதனுக்கு 25, சுண்டெலிக்கு 185! ஒரு யானையின் எடைக்கு ஈடாக 2 லட்சம் சுண்டெலிகளைத் தராசில் நிறுத்தி வைத்தால் — வைக்கிறவர் சாமர்த்தியசாலியாக இருக்க வேண்டும் — அந்தக் கூட்டம் இருபத்தொரு யானை செலவழிக்கிறதைச் செலவழிக்கும்.

இந்த விகிதத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று கிளைபரே ஒரு வேடிக்கைக் கணக்கும் போட்டார். ஒரு காளை மாடு சுண்டெலியின் வேகத்தில் எரிந்தால், அந்தச் சூட்டை வெளியேற்ற அதன் தோல் கொதிநீரைவிடச் சூடாக இருக்க வேண்டுமாம். சுண்டெலி மாட்டின் வேகத்தில் எரிந்தால், குளிர் தாங்க அதற்கு ஒரு சாணுக்குக் குறையாத கனத்தில் ரோமம் வேண்டுமாம். ரோமத்துக்குள் சுண்டெலியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்!

மூஞ்சூறு ஜாதியிலேயே மிகச் சிறியது ஒன்று மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஆசியா வரையில் இருக்கிறது. முழுதாக வளர்ந்தால் 2 கிராம். அதன் இருதயம் நிமிஷத்துக்கு 800 தடவைக்கு மேல் அடிக்கிறது. 1,500 வரை அளந்தவர்களும் உண்டு. யானையின் இருதயம் சுமார் 30 தடவை அடிக்கிறது. தினந்தோறும் தன் எடைக்கு மேற்பட்ட ஆகாரம் இல்லாவிட்டால் அந்த ஜீவன் நிலைக்காது. நம் வீட்டு மூஞ்சூறு இதைவிட எத்தனையோ பெரியது என்றாலும் சுபாவம் அதேதான். அது எலி இனமே அல்ல. பூச்சி தின்கிற ஜாதி. கரப்பானும் புழுவும் அதற்கு அமிர்தம். மசால் வடை பெரிய விஷயமல்ல. சிறு பிராணிகளை உயிரோடு பிடித்து ஆராய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூஞ்சூறு விழக்கூடிய பொறியில் பஞ்சும் இரையும் வைப்பார்கள். அடிக்கடி போய்ப் பார்ப்பார்கள். இரவு முழுவதும் விட்டுவிட்டால் காலையில் உயிரோடு இராது என்பது அவர்களுடைய அனுபவம்.

ஆகவே நம் பொறியில் விழுந்த ஜீவன் பட்டினியால் செத்ததா, குளிரால் செத்ததா என்று பிரித்துக் கேட்பதே தவறு. அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

"குளிரா? நம் ஊரிலா?" என்று வாசகர்கள் கேட்கலாம். நாமும் டாக்டர் அம்மாளை அப்படித்தான் கேட்டோம். அன்றிரவு வெளியே 23 டிகிரி. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையைக் கழுத்து வரையில் இழுத்துக்கொள்கிற சுகமான இரவு. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே மூன்று எண்களைச் சொன்னார்கள். துணியில்லாமல் சும்மா இருக்கிற பெரிய மனிதனுடைய அடுப்பு, சுற்றியுள்ள காற்று 28 டிகிரிக்குக் கீழே போனால் கூடுதலாக எரிய ஆரம்பிக்கும். ரோமமுள்ள சுண்டெலிக்கே அந்த எல்லை 30 டிகிரி. ஒன்றரைக் கிலோக் குழந்தையைத் துணியில்லாமல் விட்டால் அதற்கு 33, 34 டிகிரியாவது வேண்டும். "உங்களுக்கு மழைக்காலம், ஐயா, அவளுக்கு இமயமலை" என்றார்கள்.

வெப்பமானியில் இருக்கிற குளிர் வேறு, உடம்புக்கு உறைக்கிற குளிர் வேறு. அலாஸ்காவில் ஷோலாண்டர் என்பவரும் அவருடைய சகாக்களும் ஆர்க்டிக் பிரதேசத்துப் பிராணிகளையும் உஷ்ண தேசத்துப் பிராணிகளையும் சோதித்து 1950-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பனிநாட்டு வெள்ளை நரி, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரையில் அடுப்பை அதிகமாகத் தூண்டாமலே சமாளித்துவிடுகிறது என்றார்கள். அவ்வளவு தூரம் இராது என்று பிற்பாடு அளந்தவர்கள் குறைத்திருக்கிறார்கள்; ஆனாலும் அதன் ரோமப் போர்வை அபாரமானது என்பதில் சந்தேகமில்லை. உஷ்ண தேசத்துப் பிராணிகளோ, நாம் இதமென்று நினைக்கிற காற்றிலேயே நடுங்க ஆரம்பித்தன. பாலைவனத்து ஒட்டகத்தின் தந்திரம் வேறு. தண்ணீர் கிடைக்காத நாட்களில் உடம்புச் சூட்டை விடியற்காலையில் 34 டிகிரி வரை இறங்கவிட்டு, பிற்பகலில் 40-க்கு மேல் ஏறவிடும். வியர்த்துக் கொட்டித் தண்ணீரைச் செலவழிப்பதைவிடச் சூட்டை இரவு வரையில் வாய்தா போடுவது லாபம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

குளிர்ந்த தேசத்தில் உடம்பு பெருத்திருப்பது நல்லது என்று 1847-ல் பெர்க்மன் என்ற ஜெர்மானியர் சொன்னார். ஸைபீரியப் புலி ஸுமத்ராப் புலியைவிட எவ்வளவு பெரியது என்பதைப் பார்த்தால் அது நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் எல்லாப் பிராணிகளும் பெர்க்மனுக்குக் கட்டுப்பட்டு நடக்கின்றன என்று நினைக்கக் கூடாது. முக்கியமாக மூஞ்சூறு கட்டுப்படவில்லை. போலந்து தேசத்து மூஞ்சூறுகள் குளிர்காலம் வந்தால் பெருப்பதற்குப் பதில் சிறுக்கின்றன என்று டேனல் என்பவர் 1949-ல் எழுதினார். உடம்பு மட்டுமல்ல, மண்டையோடும் அதற்குள் இருக்கும் மூளையுமே சுருங்கி, வசந்தகாலத்தில் மறுபடி ஓரளவு வளர்கின்றன! கேட்டதும் தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் சம்சாரிகளுக்கு இது புரியாமல் போகாது. சின்னக் குடும்பத்தில் ஆள் ஒன்றுக்குச் செலவு அதிகம். இருந்தாலும் மாதக் கடைசியில் மளிகைக்காரனுக்குக் கொடுக்க வேண்டிய மொத்தத் தொகை குறைவு. பனிக்காலத்தில் பூச்சிகள் அருகிவிடும். கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிற காலம் அல்ல அது. மொத்தத்தில் இன்று எத்தனை புழு கிடைத்தால் நாளைக்கு உயிரோடிருக்கலாம் என்பதே கேள்வி. மூஞ்சூறு அதற்காக மூளையில் ஒரு பங்கையே அடகு வைக்கிறது.

நம் பேத்திக்கு அந்தச் சாமர்த்தியமெல்லாம் கிடையாது. பச்சைக் குழந்தைக்குப் பெரியவர்களைப் போல உடம்பை உதறி நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. தோள்பட்டைகளின் நடுவிலும் கழுத்தருகிலும் பழுப்பு நிறக் கொழுப்பு ஒன்று உண்டு. சூட்டுக்காகவே எரிகிற கொழுப்பு. நிறைமாதக் குழந்தை அதைச் சேர்த்துக்கொண்டு பிறக்கிறது. ஏழு வாரம் முந்தி வந்தவள் மூட்டை முடிச்சு இல்லாமல் வந்துவிட்டாள். எடை போட வேண்டுமானால் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 110 கலோரிக்குக் குறையாமல் பால் இறங்க வேண்டும். அவளோ பாலாடையில் ஊட்டுகிற தாய்ப்பாலைச் சொட்டுச் சொட்டாக விழுங்கிவிட்டுக் களைத்துத் தூங்கிவிடுவாள். "குளிர் பட்டால் குடித்த பாலெல்லாம் அடுப்புக்குப் போய்விடும், வளர்த்திக்கு மிஞ்சாது" என்றார்கள் டாக்டர் அம்மாள். முதல் வாரத்தில் எடை 1 கிலோ 480 கிராமுக்கு இறங்கிற்று. அந்த 120 கிராம் நம் வீட்டில் எத்தனை பேருடைய தூக்கத்தைத் தின்றது என்பதற்குத் தராசு இல்லை.

பதினோராம் நாள் குழந்தையைக் குளிப்பாட்டிப் பெயர் வைக்க வேண்டும் என்று எஜமானி அம்மாள் ஏற்பாடு செய்திருந்தார்கள். குளியல் கூடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நாம் அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு போனபோது, வழக்கத்துக்கு விரோதமாக எதிர்ப்பு வரவில்லை. அதற்குப் பதில் ஒரு பழைய பாக்கி வசூலாயிற்று.

"என் பாட்டி பிள்ளை பெற்ற அறையில் கணப்புச் சட்டி வைத்து, கதவைச் சாத்தி வைத்ததை மூடத்தனம் என்று சிரித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா?"

ஞாபகம் இருந்தது. புகை கெடுதல் என்று நாம் அன்று சொன்னதும் சரிதான். சூடு வேண்டும் என்று அந்தப் பாட்டி நினைத்ததும் சரிதான். இந்த இரண்டாவது வாக்கியத்தை ஒப்புக்கொள்ள நமக்கு முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

புகையில்லாத கணப்புச் சட்டி ஒன்றை ஆஸ்பத்திரியில் காட்டிக் கொடுத்தார்கள். குழந்தைக்கு ஒரு குல்லாவும் அணையாடையும் மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்பின்மேல் தவளைக்குஞ்சைப் போல ஒட்ட வைத்து, மேலே துணியால் கட்டிவிடுகிறார்கள். தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்துத் தலைநகரமான பொகோட்டாவில் 1978-ல் எட்கர் ரே என்ற டாக்டர் ஆரம்பித்தது. அங்கே சூட்டுப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள் கிடந்தன. பெட்டிக்குப் பதில் தாயே பெட்டியாக இருக்கட்டும் என்றார். குட்டியைப் பையில் சுமக்கும் கங்காருவின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். ஏழைகளுக்கு ஏற்பட்ட மாற்று வழி என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தது, பணக்கார வழியைவிட மேலானது என்று இப்போது தெரிகிறது. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவில் நாலு தேசங்களிலும் நடத்தி 2021-ல் வெளியிட்ட சோதனையில், 1 கிலோவிலிருந்து 1 கிலோ 800 கிராமுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே இப்படி அணைத்து வைத்தபோது, முதல் 28 நாளில் இறந்தவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு. நிலைப்பட்ட பிறகு அணைக்கலாம் என்று காத்திருந்தபோது நூற்றுக்குப் பதினாறுக்குச் சற்றுக் குறைவு.

மகள் பகல் முழுவதும் சுமந்தாள். மாப்பிள்ளை லீவு போட்டு வந்து இரவில் சுமந்தார். லீவு தீர்ந்த மறுநாள் எஜமானி அம்மாளுக்கு ஜலதோஷம். குழந்தையின் அருகிலேயே விடவில்லை. மகளோ உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்துகொண்டிருந்தாள். நர்ஸ் பெண் நம்மை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தாத்தா, கை காலைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, சட்டையைக் கழற்றிவிட்டு வாருங்கள்."

நரைத்த ரோமத்தோடு கூடிய நமது மார்பை அந்நியர் எதிரில் காட்டிப் பல வருஷங்கள் ஆகின்றன. கூச்சத்தை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனோம். சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, அந்தப் பொட்டலத்தை நெஞ்சில் வைத்துக் கட்டினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில், உள்ளங்கை அளவு முதுகு ஒன்று மூச்சு விடுவது தெரிந்தது. அதற்கும் அடியில் ஓர் இருதயம் படபடவென்று அடித்தது. நமது இருதயம் ஒரு தடவை அடிப்பதற்குள் அது இரண்டு தடவை அடித்தது. அறுபத்து மூன்று வயதில், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, யாருக்கும் உபயோகமில்லாமல் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு அன்று ஒரு வேலை கிடைத்தது. அசையாமல் சூடாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. தினம் நாலு மணி நேரம் வீதம் பத்தொன்பது நாள் பார்த்தோம். அதற்கு முன் முப்பத்தாறு வருஷம் பார்த்த உத்தியோகத்தில் இவ்வளவு கவனமாக இருந்ததாக நினைவில்லை.

இருபதாம் நாள் 1 கிலோ 700. அதற்குப் பிறகு தினம் இருபது, இருபத்தைந்து கிராம் என்று ஏற ஆரம்பித்தது. மார்கழி பிறந்து சில நாளில், 2 கிலோ 100 கிராம் எடையோடு பேத்தி வீட்டுக்கு வந்தாள். எலிப்பொறியை அதற்கு முன்பே பழைய இரும்புக்காரனிடம் போட்டாயிற்று. எலிகள் சௌக்கியமாக இருக்கின்றன. வேஷ்டிகளை இப்போது இரும்புப் பெட்டியில் வைக்கிறோம்.

போன வாரம் ஓர் இரவு குழந்தைக்குப் பால் காய்ச்ச... இல்லை, காப்பி போட நாம் பின்கட்டுக்குப் போனோம். குழந்தைக்கு இன்னும் தாய்ப்பால்தான். விளக்கைப் போட்டதும் சுவரோரமாகக் கயிறு ஒன்று ஊர்ந்தது. குனிந்து பார்த்தால், முன்னால் ஒரு தாய் மூஞ்சூறு, அதன் வாலடி ரோமத்தை வாயால் கவ்விக்கொண்டு ஒரு குஞ்சு, அதன் வாலடியைக் கவ்விக்கொண்டு இன்னொன்று, இப்படி நாலு. ரெயில் வண்டி மாதிரி வந்துகொண்டிருந்தவை, வெளிச்சத்தைக் கண்டு வழி தெரியாமல் நின்றுவிட்டன. எஜமானி அம்மாள் நம் பின்னால் வந்து நின்றுகொண்டு, குழந்தை விழித்துக்கொள்ளாத குரலில் சொன்னார்கள்:

"விளக்கை அணையுங்கள். அவை போகட்டும்."